கேஎக்ஸ் ஏன் கடைசியில் வந்தது?

கேள்வி: அண்ணே, நாங்கள் உச்சிப்புளிப் பக்கம் மூன்று பேர். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கவாசாகி கேஎக்ஸ் 250. கூட்டாளி ஒருவனிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ. இன்னொருவன் பழைய ஆர்எக்ஸ் 100-ஐ டர்ட் வண்டியாக மாற்றி வைத்திருக்கிறான். அவன் மாமாவின் பனங்காட்டு மணலில் வட்டம் போட்டு, மொபைலில் நேரம் பார்த்தோம். அவரவர் வண்டியை அவரவர் ஓட்டினோம். காலை ஆறரைக்கு எக்ஸ்பல்ஸ்: 1 நிமிடம் 19 விநாடி. அடுத்து ஆர்எக்ஸ்: 1:23. என் முறை வரும்போது மணி ஒன்பது, கேஎக்ஸ் 1:26. ரேஸுக்கென்றே செய்த வண்டி எப்படிக் கடைசியில் வரும்? வண்டியில் கோளாறா? விற்றுவிடவா?

பதில்:

விற்காதீர்கள் தம்பி. இப்போதைக்கு விற்காதீர்கள் என்று சொல்கிறேன். வண்டியில் கோளாறு இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு நீங்கள் மூன்று வண்டிகளைச் சோதிக்கவில்லை. மூன்று ஆட்களையும், ஆறரை மணி மணலையும் ஒன்பது மணி மணலையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் மணல். மாசி, பங்குனியில் நம் பக்கம் விடியற்காலையில் பனி இறங்கும். ஆறரைக்குப் பனங்காட்டு மணலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கால் தடம் அச்சு அடித்த மாதிரி விழும். மேல் மணல் ஈரம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், டயர் பிடிமானம் கிடைக்கும். எட்டரைக்கு வெயில் ஏறியதும் அதே மணல் மாவாகிவிடும், கணுக்கால் வரை இறங்கும். போதாததற்கு உங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் வளைவுகளை உழுது, நேர் ஓட்டத்தில் மேடும் பள்ளமுமாக ஆக்கிவிட்டன. எக்ஸ்பல்ஸ் ஓடியது ஒரு தடம், நீங்கள் ஓட்டியது வேறு தடம். ஏழு விநாடி வித்தியாசத்தில் பாதியாவது இதில் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் நான் டர்ட் ரேஸ் ஓட்டிய காலத்தில் செம்மண் தடம். தண்ணீர் லாரி வந்து நனைக்கும், தடம் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். ஊருக்குத் திரும்பி வந்து மணலில் இறங்கிய முதல் வாரத்தில்தான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. பெல்ஜியத்தில் லொம்மெல் என்று ஒரு மணல் தடம் இருக்கிறது. உலக சாம்பியன்ஷிப் ஓட்டுபவர்களே அங்கே அரை மணி நேரத்தில் சக்கையாகிவிடுவார்கள். மணல் அப்படி.

ஆகவே சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்தத் தடவை மூன்று பேரும் மூன்று வண்டிகளையும் ஓட்ட வேண்டும், மொத்தம் ஒன்பது ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஐந்து சுற்று, முதல் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொபைல் ஸ்டாப்வாட்சில் விரல் பிசகு கால் விநாடிக்குக் குறையாது. அதனால் சுற்றுச் சுற்றாக அமுக்காமல், மீதி நாலு சுற்றுக்கும் சேர்த்து ஒரே நேரம் எடுத்து நாலால் வகுங்கள், பிசகும் நாலில் ஒன்றாகும். வரிசையைக் கலைத்துப் போடுங்கள். முதல் ஆள் எக்ஸ்பல்ஸில் தொடங்கினால் இரண்டாம் ஆள் கேஎக்ஸில், மூன்றாம் ஆள் ஆர்எக்ஸில் தொடங்கட்டும். எந்த வண்டிக்கும் எப்போதும் காலை மணலே கிடைக்கும்படியோ எப்போதும் வெயில் மணலே கிடைக்கும்படியோ இருக்கக் கூடாது.

இதற்கும் மேலே ஒரு வேலை இருக்கிறது. எக்ஸ்பல்ஸை அளவுகோல் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே ஆள், ஒரே மாதிரி, தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை ஓட்டட்டும். காலையில் 1:19 போன அதே ஆள், அதே வண்டி, கடைசியில் 1:24 போனால் அந்த ஐந்து விநாடியைத் தின்றது தடம். மற்ற நேரங்களிலிருந்து அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம். இது இல்லாமல் எழுதுகிற எந்த நேரமும் கடற்கரை மணலில் எழுதிய கணக்குதான்.

இடையிடையே தடத்தைச் சமன் செய்யவும் வழி உண்டு. வயலில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறடி நீளத்தில் பிளந்த பனந்துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, எக்ஸ்பல்ஸ் பின்னால் இழுத்து ஒரு சுற்று வந்தால் போதும், மேடு பள்ளம் முக்கால்வாசி அமர்ந்துவிடும். கயிறு நீளமாக இருக்கட்டும். நான் ஒரு முறை குட்டைக் கயிற்றில் கட்டி, பிரேக் பிடித்ததும் பனந்துண்டு வந்து குதிகாலில் இடித்து, பத்து நாள் செருப்புப் போட முடியவில்லை.

இனி வண்டிகளைச் சமன் செய்வது. ஓடுவதற்கு முன் மூன்றிலும் டயர் காற்று, செயின் தளர்வு, பெட்ரோல் அளவு எல்லாம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். காற்று மிக முக்கியம். பெட்ரோல் பங்கில் 28, 30 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு மணலுக்கு வந்தால் டயர் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். கேஎக்ஸில் 12 பிஎஸ்ஐ வைக்கலாம், டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் இருப்பதால் டயர் ரிம்மில் சுற்றி வால்வைப் பிடுங்காது. மற்ற இரண்டிலும் ரிம் லாக் போடாமல் 16, 18-க்குக் கீழே போகாதீர்கள். பனை வேரில் இடித்தால் ட்யூப் நசுங்கிக் கிழியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சீமைக்கருவேல முள்ளைப் பற்றி ராமநாதபுரத்துக்காரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தடித்த ட்யூப் போடுங்கள்.

சஸ்பென்ஷனில்தான் உங்கள் கேஎக்ஸ் பெரிய அளவில் அடிவாங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வண்டி முன்னும் பின்னும் 300 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக்கூடியது. எக்ஸ்பல்ஸ் ப்ரோவில் முன்னால் 250, பின்னால் 220. ஆர்எக்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது பால்கேன் கட்டப் பிறந்த வண்டி. ஆனால் 300 மில்லிமீட்டர் இருந்து என்ன, ஓட்டுகிறவரின் எடைக்குப் பொருத்தி வைக்காவிட்டால் அந்த நீளமே எதிரியாகிவிடும்.

நீங்கள் உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை ரேஸ் ஓட்டுபவர்கள் 'சேக்' என்பார்கள். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு டேப் போதும். மீன் கம்பெனியில் கிடைக்கும் பிளாஸ்டிக் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, என்ஜினுக்கு அடியில் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்க வேண்டும். சக்கர ஆக்ஸிலின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு வண்டியைக் கீழே நிறுத்தி, ஆள் ஏறாமல் ஒரு தடவை அளங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், எல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டுகிற இடத்தில் உட்காருங்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம் கேஎக்ஸில் 100 முதல் 105 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எக்ஸ்பல்ஸில் பின்பக்கம் ஏறி இறங்கும் 220-இல் மூன்றில் ஒரு பங்கு, 70-ஐ ஒட்டி.

ஆள் ஏறாத அளவு எதற்கு என்றால், ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று காட்டுவதே அதுதான். உங்களை வைத்து 105 வந்தபின், ஆள் இல்லாமல் வண்டி தன் எடைக்கு 30, 40 மில்லிமீட்டர் இறங்கினால் சரி. பத்தோ பதினைந்தோதான் இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெத்தென்று இருக்கிறது, அதை இறுக்கி இறுக்கித்தான் 105-ஐக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஐம்பதுக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குக் கெட்டி. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். நிதானமாக யோசித்தால் புரியும்: கெட்டி ஸ்பிரிங்கில் 105 வரவைக்க அதைத் தளர்த்திவிட வேண்டியிருக்கும், அதனால் வண்டி தன் எடைக்கே கூடுதலாக இறங்கிவிடும். ஒல்லியான பையன்கள் கெட்டி ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்காது, பின்பக்கம் உயரமாக நின்றால் பாரம் முன்னால் சரியும், மணலில் முன்சக்கரம் புதையும். "வளைவில் முன்சக்கரம் மடங்குது" என்று கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் ஒரு வருடம் என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். டயர் மாற்றினார், ஹேண்டில் மாற்றினார். கடைசியில் சேக்கை அளந்தால் 82. ஷாக் மேலே இருக்கும் வளையத்தைத் தளர்த்தியதோடு பிரச்சினை பாதி தீர்ந்தது.

மணலில் ஓட்டுவதற்காக முன் ஃபோர்க்கில் கம்ப்ரஷனை, அதாவது ஃபோர்க் அமுங்குவதற்கான எதிர்ப்பை, அதன் திருகில் இரண்டு கிளிக் கெட்டியாக்குங்கள், ஆக்ஸிலேட்டரை விட்டதும் மூக்குக் குத்தாமல் இருக்கும். எத்தனை கிளிக் என்று எண்ணும்போது முழுக்கத் திருகி மூடிவிட்டு, அங்கிருந்து வெளியே எண்ண வேண்டும். பழைய எண்ணிக்கையை எழுதாமல் திருகத் தொடங்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றையும் கிளிக்கையும் ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரே நாளில் மாற்றிவிட்டு "இப்ப சூப்பரா இருக்கு" என்பவர்களிடம் எதனால் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

அடுத்தது நீங்கள் ஓட்டிய விதம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள், கூடம் நிஜமாகவே கோணலாக இருப்பதும் உண்டு என்பதால்தான் இவ்வளவு நேரம் கூடத்தைப் பற்றிப் பேசினேன். கேஎக்ஸ் 249 சிசி. குதிரைத்திறன் நாற்பதை ஒட்டி, எடை 108 கிலோதான். எக்ஸ்பல்ஸில் 19 குதிரை, எடை 160 கிலோவை ஒட்டி. காகிதத்தில் போட்டியே கிடையாது. ஆனால் கேஎக்ஸின் அந்த நாற்பதும் உச்ச சுழற்சியில்தான் கிடைக்கும். ரோட்டு வண்டிப் பழக்கத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் ஆர்பிஎம்மில் கியரை மாற்றிக்கொண்டே போனால் மணலின் இழுப்பில் என்ஜின் திணறும், உடனே கிளட்சைப் பிடிப்பீர்கள், வேகம் விழும், சக்கரம் புதையும். எக்ஸ்பல்ஸ் அப்படியில்லை, கீழேயே நிதானமாக இழுக்கும், தெரியாத்தனத்தை மன்னிக்கும். அதனால்தான் புதிதாக ஓட்டுகிறவர் கையில் அது முந்துகிறது.

தனுஷ்கோடிக்கு 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறப்பதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் ஓடியது நினைவிருக்கிறதா? நீங்கள் சின்னப் பையன்களாக இருந்திருப்பீர்கள். வேன் குலுங்கும், கவிழ்ந்துவிடும் போல சாயும், உள்ளே இருக்கிற பெண்கள் கத்துவார்கள். டிரைவர் மட்டும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே மாட்டார். மணலில் வேகம் குறைந்தால் மேலே மிதப்பது நின்று உள்ளே போவோம் என்று அவருக்குத் தெரியும். பைக்கிலும் அதே பாடம். மூன்றாவது கியரில் வைத்து, ஆக்ஸிலேட்டரைத் திறந்தே பிடித்து, உடல் எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொள்ளுங்கள். ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். அது கைக்குள் ஆடத்தான் செய்யும், ஆடட்டும். அடக்கப் போனால் நாலாவது சுற்றில் முன்கை கல்லாகிவிடும், விரலால் பிரேக்கைத் தொடக்கூட முடியாது.

பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லோ இரண்டு பல்லோ கூட்டிப் போட்டால் மூன்றாவது கியர் மணலுக்குச் சரியாக அமையும். செயினை வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வாக விடுங்கள், மணல் புகுந்தால் அது தானாகவே இறுகும்.

முழுச் சுற்றின் நேரம் மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது, துண்டு துண்டாகப் பாருங்கள். பனைமட்டை நான்கை நட்டு வையுங்கள். நின்ற இடத்திலிருந்து நாற்பது மீட்டர் பாய்வது ஒரு சோதனை. ஒற்றைப் பனையைச் சுற்றி வளைந்து வெளியேறுவது இன்னொன்று. குண்டும் குழியுமான நேர் ஓட்டம் மூன்றாவது. முதலாவதில் யார் ஓட்டினாலும் கேஎக்ஸ் மற்ற இரண்டையும் தூசியில் விடும் என்று பந்தயமே கட்டுவேன். ஒற்றைப் பனையில் ஆர்எக்ஸ் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். நூறு கிலோவை ஒட்டிய லேசான வண்டி, திருப்பிய பக்கம் திரும்பும். ஆனால் குழி ஓட்டத்தில் அதன் 18 அங்குல முன்சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும். மற்ற இரண்டுக்கும் முன்னால் 21 அங்குலம், மேலேயே தாவிப் போகும். அந்தத் துண்டில் எக்ஸ்பல்ஸின் எடை தெரியும், வேகம் கூடக் கூடப் பின்பக்கம் தூக்கி எறியும்.

ஓடி முடித்ததும் ஒருவருக்கொருவர் பேசாதீர்கள். ஒவ்வொருவரும் தனியாகப் போய் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள்: முன்சக்கரம் சொன்னபடி போனதா, பின்பக்கம் உதைத்ததா, எங்கே பயந்தேன். "எங்கே பயந்தேன்" என்பது மிக உபயோகமான கேள்வி, கூச்சப்படாமல் எழுதினால். வாய்விட்டுப் பேசிவிட்டால் மூன்று பேரில் குரல் பெரியவரின் கருத்துதான் மூன்று நோட்டிலும் இருக்கும்.

கடைசியாக, தெம்பு இருந்தால், அவரவருக்குப் பிடித்த வண்டியில் இடைவிடாமல் பத்துச் சுற்று. இதில் இரண்டாம் சுற்றுக்கும் பத்தாம் சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எழுதுங்கள். மணலில் நான் ஒரு வண்டியை மதிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஒரே ஒரு சுற்று 1:12 போய், பத்தாவதில் 1:30-க்கு விழுந்தால் அந்த வண்டி, அல்லது அதன் செட்டிங், உங்கள் உடம்பைத் தின்கிறது. 1:17-இல் தொடங்கி 1:20-இல் முடிப்பவர் ரேஸில் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். டாக்கார் என்ற பாலைவன நெடுந்தூர ரேலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ் (2015), அதே டாக்காரில் 2024-இல் ரேலி 2 பிரிவை வென்ற ஹரித் நோவா, இருவருமே மண் தடச் சுற்று ரேஸ்களான மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸிலிருந்து போனவர்கள். நாள் கணக்கில் மணலில் ஓட்டுபவர்களுக்கு ஒற்றைச் சுற்று வேகம் பெரிய விஷயமே இல்லை.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். 25 டிகிரியில் இருக்கும் காற்று 38 டிகிரிக்குப் போனால் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறையும், என்ஜின் மூச்சும் அந்த அளவு குறையும். மூன்று வண்டிக்கும் பொது என்றாலும், கேஎக்ஸின் ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது. ஆழ மணலில் மெதுவாக கிளட்சைத் தேய்த்துக்கொண்டு போனால் கூலன்ட் கொதித்து வெளியேறும். ஓட்டங்களுக்கு நடுவே ஆற விடுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாமாவின் காட்டிலேயே ஓட்டுங்கள், கடற்கரைக்கு இறங்காதீர்கள். ஈர மணல் கெட்டியாக இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மாதங்களில்தான் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும், வனத்துறை ஆட்கள் விடியற்காலையில் தடம் பார்த்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உங்கள் டயர் தடம் அதை அழித்துவிடும். கேஎக்ஸுக்கு ஆர்டிஓவில் பதிவும் கிடையாது, ரோட்டில் உருட்டக் கூடாது, குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தனியாக ஒருவர் மட்டும் ஒருநாளும் ஓட்டாதீர்கள்.

இனி கோளாறு. செகண்ட் ஹேண்ட் என்றீர்கள். இந்த வகை வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. மீட்டரில் இருக்கும் மணியை நம்பாதீர்கள். வெளியூர் புரோக்கர் ஒருவர் "முப்பது மணி நேரம்தான் ஓடியது" என்று எனக்கு ஒன்றைத் தலையில் கட்டினார். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் கீறல் கீறலாக இருந்தது, மணல் குடித்த வண்டி. வாங்கும்போது ஒரே ஒரு விரலை விட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். உங்கள் வண்டியில் இப்போதே செய்யுங்கள். சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணி சுற்றிய விரலால் தடவுங்கள். துணி எண்ணெய்ப் பிசுக்காக வந்தால் பரவாயில்லை. நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு என்ஜின் கம்ப்ரஷனைப் பாருங்கள், உங்கள் 1:26-க்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம். ஃபோம் ஃபில்டரை ஒவ்வொரு ஓட்ட நாளுக்குப் பிறகும் கழுவி, காயவைத்து, ஃபில்டர் எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து போட வேண்டும். விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். நம் மணல் பொடி மணல், இண்டு இடுக்கெல்லாம் புகும்.

ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே சீல் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள், பெரும்பாலும் சீல் உதட்டில் மணல் துகள்தான் சிக்கியிருக்கும். பழைய கேமரா ஃபிலிம் நெகட்டிவ் ஒரு துண்டு வீட்டில் இருந்தால், அதைச் சீலுக்குள் செருகிச் சுற்றிலும் ஒரு இழுப்பு இழுத்தால் துகள் வெளியே வந்துவிடும்.

பிறகு உப்பு. பாம்பன் புதுப் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் போட்டிருக்கிறார்கள், உங்கள் ஸ்போக் எம்மாத்திரம். ஓட்டிய அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது கழுவாமல் இருப்பதைவிட மோசம்.

பின்சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால், ஷாக்கைப் பின்பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது துருப்பிடித்து இறுகிப்போன வண்டியில் எத்தனை கிளிக் திருகினாலும் சேக் நிலையாக நிற்காது. கழற்றும்போது கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் சில வண்டிகளில் தனித்தனியாக உதிரும். மணலில் விழுந்தால் பிறகு தேட முடியாது.